கூழின் இரண்டாம் புளிப்பு: பழைய பானையும் பெட்ரி தட்டும்

கேழ்வரகுக் கூழ் இரண்டு முறை புளிக்கிறது. தருமபுரிப் பக்கம் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் ஆய்வகத்தில் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது புளிப்பை மட்டும்தான் என்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

முதல் புளிப்பு மாவில் நடக்கிறது. ராகி மாவைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி மூடி வைத்தால் காலையில் வாசம் மாறியிருக்கும், விளிம்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் நிற்கும். அப்புறம் நொய்யை உலையில் போட்டு, அது குழைந்து வரும்போது புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் அடிப்பிடிக்காமல் கிளறி இறக்குகிறோம். இறக்கிய கூழ் இன்னொரு ராத்திரி பானையில் கிடக்கிறது. மறுநாள் அதை எடுத்துக் கரைத்து, மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கும்போது நாக்கில் படுகிற புளிப்பில் பெரும்பங்கு அந்த இரண்டாம் ராத்திரியில் வந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. மாவைப் புளிக்கவைத்த லாக்டிக் அமில பாக்டீரியா பெரும்பாலும் 65 டிகிரியையே அரை மணி நேரம் தாங்காது. கூழோ அடுப்பில் 95 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கொதிக்கிறது. ஆக, இறக்கும் நேரத்தில் அவை எல்லாம் செத்திருக்க வேண்டும். அப்படியானால் இரண்டாம் முறை புளிக்கவைப்பது எது? எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவந்தது பாலக்கோடு பக்கம் கூழ் விற்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழு. வீட்டளவில் மண்பானையில் செய்தபோது நன்றாக வந்த கூழ், விற்பனைக்கென்று எவர்சில்வர் அண்டாவுக்கு மாறியதும் நாளுக்கொரு சுவையாகப் போய்விட்டது. ஒரு நாள் பச்சை மாவு வாசம் அடிக்கிறது. ஒரு நாள் சரியாக இருக்கிறது. இன்னொரு நாள் புளிப்பே இல்லாமல், ஒரு கெட்ட வாடையோடு, கரண்டியில் எடுத்தால் இழுபடுகிறது. “அதே மாவு, அதே கை, அதே அடுப்பு மேடம். அண்டா மட்டும்தான் புதுசு” என்றார் குழுவை நடத்தும் அக்கா. விடை பாதி அவர் வாயிலேயே இருந்தது. மீதியைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் தருமபுரியில் ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பெரிய கருவிகள் கிடையாது. ஒரு ஆட்டோகிளேவ், ஒரு இன்குபேட்டர், நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று, பி.எச். மீட்டர், ஸ்பிரிட் விளக்கு, ஃப்ரிட்ஜ். இந்த வேலைக்கு இவை போதும். இது எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் தருமபுரியும் நீலகிரியும். பையூர் ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கென்றே ராகி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தானியம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைப் புளிக்கவைக்கிற பானை வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அளக்கும் வேலை

முதலில் அளவீட்டைச் சரிசெய்தாக வேண்டும். கூழின் புளிப்பை இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று பி.எச்., அதாவது எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடுகிறது என்று காட்டும் அளவு; மற்றது மொத்த அமிலம். இரண்டையும் அளந்தோம். இரண்டும் ஒரே கதையைச் சொல்வதில்லை, அதைப் பின்னால் தண்ணீர் விஷயத்தில் பார்க்கலாம்.

மொத்த அமிலத்துக்குப் பாடப்புத்தக முறை ஃபீனால்ஃப்தலீன் சொட்டி, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, இளஞ்சிவப்பு வரும் இடத்தில் நிறுத்துவது. மோருக்கு இது அழகாக வேலை செய்யும். ராகிக் கூழுக்குச் செய்யாது. கூழே கரும்பழுப்பு, அதில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று எந்தக் கண்ணும் சொல்லாது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு, 10 கிராம் கூழை, முன்பே காய்ச்சி ஆறவைத்த வாலை வடிநீரில் கரைத்து, பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடை உள்ளே வைத்தபடியே 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 8.2 காட்டும்போது நிறுத்தினோம். 10 கிராம் கூழுக்கு 1 மில்லி செலவானால் லாக்டிக் அமிலம் 0.09 சதவீதம் என்று கணக்கு.

எலக்ட்ரோடைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ராகியின் மாவுச்சத்தும் புரதமும் அதன் நுண்துளை அடைப்பில் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் எண் நிலைக்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு வெதுவெதுப்பான வடிநீரில் அலசி, மாலையில் பெப்சின் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, மறுநாள் 4, 7 பஃபர்களில் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கினோம். கூழ், இட்லி மாவு, களி என்று எதை அளப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

தட்டில் ஏற்றியது

மாதிரிகள் மூன்று இடத்திலிருந்து வந்தன: பாலக்கோட்டுக் குழுவின் கூழ், பென்னாகரம் போகும் வழியில் இன்றும் மண்பானையில் கூழ் வைக்கும் ஒரு வீட்டின் கூழ், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கூழ். குளிர் ஊரிலிருந்து ஒன்று வேண்டும் என்றுதான் தேன்கனிக்கோட்டையைச் சேர்த்தோம். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். தருமபுரி அதில் பாதி உயரம்தான். மார்கழி ராத்திரியில் இந்த வித்தியாசம் பானைக்குள்ளும் தெரியும்.

10 கிராம் கூழை 90 மில்லி 0.85 சதவீத உப்புநீரில் கலக்கி, அதிலிருந்து 1 மில்லியை 9 மில்லியில் விட்டு, இப்படிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போனோம். கடைசி நீர்ப்புகளிலிருந்து 0.1 மில்லி எடுத்து எம்.ஆர்.எஸ். அகார் தட்டில் பரப்பினோம். அகார் என்பது பாக்டீரியா வளர ஊட்டம் கலந்து தட்டில் கெட்டியாக உறையவைக்கும் பொருள். எம்.ஆர்.எஸ். என்பது டி மான், ரோகோசா, ஷார்ப் ஆகிய மூவரும் 1960-ல் லாக்டோபேசிலஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கென்று வடிவமைத்த ஊட்டக் கலவை. லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், கூடவே பெப்டோன், ஈஸ்ட் சாறு, இறைச்சிச் சாறு, மாங்கனீஸ், மெக்னீசியம் உப்புகள். லாக்டிக் அமில பாக்டீரியா ஊட்ட விஷயத்தில் மிகவும் பார்த்துச் சாப்பிடும் கூட்டம். சாதாரண அகாரில் சரியாக வளராது.

அந்த அகாரில் 1 சதவீதம் கால்சியம் கார்பனேட் தூளும் கலந்தோம். இது சின்ன விஷயம்தான், ஆனால் பாதி வேலையைக் கண்ணாலேயே முடித்துவிடும். தூள் கரையாமல் நிற்பதால் தட்டு முழுக்கப் பால் வெள்ளையாக இருக்கும். அமிலம் சுரக்கும் காலனி (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) முளைத்தால், அது தன்னைச் சுற்றி இருக்கும் கார்பனேட்டைக் கரைத்துவிடும். காலையில் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் கண்ணாடியாகத் தெளிந்த ஒரு வளையம் தெரியும். வளையம் பெரிதாக இருந்தால் அமிலம் அதிகம். வளையம் இல்லாத காலனியைத் தேடி எடுக்க வேண்டியதே இல்லை.

கூழில் ஈஸ்ட்டும் நிறைய. தடுக்காவிட்டால் கொழுத்த வெள்ளைக் காலனிகளாகத் தட்டை மூடிவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லும் சைக்ளோஹெக்சிமைடு நச்சு. மாணவர்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பாலாடைக்கட்டியின் மேல்பரப்பில் பூஞ்சை வராமல் இருக்கப் பயன்படும் நேட்டமைசினைச் சேர்த்தோம். ஈஸ்ட் அடங்கியது, பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டுகளை ஒரு அகலமான கண்ணாடி ஜாடியில் அடுக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி மூடினோம். சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும். இந்தப் பாக்டீரியாவுக்கு அது பிடித்த காற்று.

இறக்கிய கூழில் என்ன மிஞ்சுகிறது

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான சோதனை. கூழ் கிளறி இறக்கிய உடனே, கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் நடுவிலிருந்து எடுத்து, கிருமிநீக்கிய பாட்டிலில் அடைத்து, எம்.ஆர்.எஸ். தட்டிலும் சாதாரண நியூட்ரியன்ட் அகார் தட்டிலும் பரப்பினோம்.

எம்.ஆர்.எஸ். தட்டு வெறுமையாக இருந்தது. லாக்டிக் அமில பாக்டீரியா ஒன்றுகூட மிஞ்சவில்லை. நியூட்ரியன்ட் அகாரில் காலனிகள் வந்தன: தட்டையாக, மங்கலாக, ஓரம் சுருங்கி, பெரிய பெரிய வட்டங்கள். பாக்டீரியாவை வகைபிரிக்கும் கிராம் சாயமிட்டுப் பார்த்தால் ஊதா நிறக் கோல்கள், சிலவற்றின் நடுவே சாயம் ஏறாத நீள்வட்ட இடைவெளி. அது வித்து. அதாவது பேசிலஸ். இந்த வித்துகள் மண்ணோடு, தானியத்தோடு வருபவை. கொதிநிலையைத் தாங்கும். உறுதிசெய்ய இன்னொரு மாதிரியை 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 10 நிமிடம் வைத்தும் பரப்பினோம். வித்தாக இல்லாதவை எல்லாம் இதில் அழிந்துவிடும். அதிலும் அதே காலனிகள்.

ஆக, அடுப்பிலிருந்து இறங்கும் கூழில் நல்லவை இல்லை. பேசிலஸ் வித்து இருக்கிறது. கூழ் ஆற ஆற அது முளைத்து வளரத் தொடங்கும். பேசிலஸ் குடும்பத்தில் பல தீங்கற்றவை. ஆனால் பேசிலஸ் செரியஸ் அப்படியல்ல. அதன் சில வகைகள் சுரக்கும் செரியுலைடு என்ற நஞ்சு வாந்தியைக் கொடுக்கும். 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது சிதையாது, அமிலத்திலும் அழியாது. அதனால் நஞ்சு உண்டான பிறகு புளித்தோ, திரும்பக் கொதிக்கவைத்தோ பயனில்லை. அந்த பாக்டீரியா வளரும் முன்பே பி.எச். இறங்க வேண்டும். ஏறக்குறைய 4.3-க்குக் கீழே போனால் அதனால் வளர முடிவதில்லை.

இரண்டாம் புளிப்பை நாங்கள் சுவை விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பாதுகாப்பு விஷயமாகப் பார்க்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

பானையா, அண்டாவா

ஒரே அடுப்பில் ஒரே கூழ் கிளறி, சூடாகவே பிரித்து ஊற்றினோம். மாவு கரைத்த அன்று பி.எச். 6.4, மறுநாள் காலை 4.3, நொய்யோடு சேர்ந்து வெந்து இறங்கியபோது 5.1. நொய்க்கஞ்சி சேர்வதால் மாவின் புளிப்பு பாதி கரைந்துபோகிறது, அதனால்தான் இரண்டாம் புளிப்பு இல்லாமல் கூழ் கூழாவதில்லை.

முதல் பாத்திரம் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கிருமிநீக்கிய எவர்சில்வர் சட்டி. இரண்டாவது, குழு வழக்கமாகச் செய்வதுபோல் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவிய சட்டி. மூன்றாவது, பென்னாகரம் வழியில் அந்த வீட்டில் கேட்டு வாங்கிவந்த பழைய மண்பானை. நான்காவது, கிருமிநீக்கிய சட்டிதான், ஆனால் கூழ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நேற்றைய கூழில் ஒரு கரண்டி சேர்த்தது. எல்லாமே ஒரே அறையில், மூடி போட்டு.

மறுநாள் காலை அளந்தபோது முதலாவது 5.0. ஏறக்குறைய அசையவே இல்லை. அதன் தட்டில் லாக்டிக் அமில பாக்டீரியா கிடையாது, பேசிலஸ் மட்டும் பெருகியிருந்தது. மேலே ஒரு மெல்லிய ஏடும், குழு அக்கா சொன்ன அதே வாடையும். சோப்பால் கழுவியது 4.7, காற்றிலும் கையிலும் மூடியிலும் இருந்து வந்தவை ஏதோ கொஞ்சம் வேலை செய்திருந்தன. பழைய பானை 4.0. நேற்றைய கூழ் சேர்த்தது 3.9. அதைவிட முக்கியம், நேற்றைய கூழ் சேர்த்த சட்டி நள்ளிரவுக்கு முன்பே 4.3-ஐத் தாண்டி இறங்கியிருந்தது. பானை அதைத் தொட விடியற்காலை ஆனது.

பானை எப்படிச் செய்கிறது? அந்த வீட்டுப் பாட்டியிடம் முன்பே கேட்டிருந்தேன். “கூழுப்பானைக்கு சோப்பு போடுவாங்களாம்மா? தேங்கா நாரு வெச்சு தண்ணி ஊத்தித் தேச்சு, வெயில்ல கவுத்து வெச்சிருவேன். துடுப்பும் அப்படித்தான்” என்றார். பானையின் உட்சுவரைக் கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியால் அழுத்தித் துடைத்து எடுத்து, உப்புநீரில் கலக்கி, எம்.ஆர்.எஸ். தட்டில் பரப்பினோம். வெயிலில் காய்ந்த, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பானைதான். தட்டு முழுக்கத் தெளிந்த வளையங்கள். துடுப்பிலும் அதே. மண்ணின் நுண்துளைகளிலும் மரத்தின் நாரிடுக்கிலும் கூழின் மிச்சம் தங்குகிறது, அதில் பாக்டீரியா காய்ந்து உயிரோடு இருக்கிறது. அடுத்த கூழ் விழுந்ததும் வெளியே வருகிறது. எவர்சில்வரில் தங்க இடமில்லை. தங்கியதையும் சோப்பு கழுவிவிடுகிறது.

பாலுக்கு உறை ஊற்றாமல் தயிர் வராது என்று நமக்குத் தெரியும். கூழுக்குப் பானையே உறை. அது தனியாகக் கண்ணில் படாததால், பானையை மாற்றியபோது உறையையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அண்டாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரிய அண்டாவின் நடுக்கூழ் ராத்திரி நெடுநேரம் சூடாகவே இருக்கும். தெர்மாமீட்டரை நடுவில் இறக்கிப் பார்த்தால் வெளியே கை வைக்க முடிகிற நேரத்திலும் உள்ளே 50 டிகிரிக்கு மேல் காட்டும். அந்தச் சூட்டில் உறை சேர்த்தால் அது செத்துவிடும். சேர்க்காமல் காத்திருந்தால், 50-லிருந்து 30-க்கு மெதுவாக இறங்கும் அந்த நேரம் பேசிலஸுக்குத் தோதான நேரம். இதற்குத் தீர்வு ஆய்வகத்தில் இல்லை, சமையலறையில் இருக்கிறது: இறக்கியதும் அகலமான தாம்பாளங்களில் பரப்பி ஆற்றி, 40 டிகிரிக்கு வந்ததும் நேற்றைய கூழைக் கலந்து, அப்புறம் அண்டாவில் ஒன்றாகக் கொட்டுவது.

தண்ணீர்

நேற்றைய கூழ் சேர்த்தும் குழுவின் கூழ் எங்கள் சட்டிக் கூழை விடத் தாமதமாகவே புளித்தது. மாவும் உறையும் ஒன்று. மிச்சமிருந்த வித்தியாசம் தண்ணீர். அவர்கள் போர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஃபுளோரைடு அதிகமுள்ள நீரில் பெரும்பாலும் பைகார்பனேட்டும் அதிகமாக இருக்கும். அதுதான் இங்கே வேலையைக் கெடுத்தது. பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள தண்ணீர், பாக்டீரியா சுரக்கும் லாக்டிக் அமிலத்தில் லிட்டருக்கு 0.9 கிராமை முதலிலேயே விழுங்கிவிடும். அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும், மீட்டரில் எண் இறங்காது. விழுங்கிய அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு அளக்கும் மொத்த அமிலக் கணக்கிலும் முழுதாக வராது. கடைசியில் புளித்துவிடும், ஆனால் முதல் சில மணி நேரம் வீணாகிறது. நமக்கு வேண்டியதோ அந்த முதல் சில மணி நேரம்தான்.

காய்ச்சினால் சரியாகுமா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கால்சியம் பைகார்பனேட் என்றால் காய்ச்சும்போது வெள்ளையாகப் படிந்து போய்விடும். ஃபுளோரைடு நீரில் இருப்பது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட்; அது படியாது. காய்ச்சக் காய்ச்ச ஃபுளோரைடும் செறிவாகும். அதனால் குழுவுக்குச் சொன்னது: குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து, குளோரின் வாசம் போகத் திறந்து வைத்து, அதையே கூழுக்குப் பயன்படுத்துங்கள். மாற்றிய பிறகு தாமதம் போய்விட்டது.

யார் யார் இருந்தார்கள்

வளையம் பெரிதாக இருந்த காலனிகளைத் தனித்தனியாகக் கோடிழுத்துத் தூய்மைப்படுத்தி, ஊருக்கு ஒன்றாக மூன்றை முன்னுக்கு வைத்தோம்: பா-2, பெ-4, தே-7. மூன்றும் கிராம் சாயத்தில் ஊதா. மூன்றிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டினால் நுரை இல்லை. லாக்டிக் அமில பாக்டீரியாவின் முதல் அடையாளம் அது.

அடுத்தது வாயு. டர்ஹாம் குழாய் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து வைத்த திரவத்தில் வளர்த்தால், குளுக்கோஸிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடுபவை குழாயில் குமிழ் சேர்க்கும். இதற்கு எம்.ஆர்.எஸ்.-ஐ அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள சிட்ரேட்டிலிருந்தும் சில வகைகள் வாயு விடும். சிட்ரேட் சேர்க்காமல் நாமே கலந்துகொள்ள வேண்டும். பா-2 கோல் வடிவம், வாயு உண்டு. பெ-4 கோல், வாயு இல்லை. தே-7 முட்டை வடிவ உருண்டைகள், சங்கிலியாக, வாயு உண்டு.

தே-7-ஐ 5 சதவீதம் சர்க்கரை கலந்த அகாரில் போட்டபோது தட்டு முழுக்கப் பளபளப்பான வழுவழுப்பு. லூப்பால் தொட்டுத் தூக்கினால் விரல் நீளத்துக்கு இழை இழுபட்டு வந்தது. சர்க்கரையிலிருந்து அது கட்டும் டெக்ஸ்ட்ரான் அது. இந்தக் குணம் லியூகோநாஸ்டாக்குக்கும் உண்டு, வெய்செல்லாவின் சில இனங்களுக்கும் உண்டு. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியா வருகிறதா என்று பார்த்தோம், வரவில்லை. அது லியூகோநாஸ்டாக் பக்கம் சாய்த்தது. இட்லி மாவை உப்பவைப்பதில் முக்கியப் பங்கு இதே இனத்துக்குத்தான்.

உறுதிக்காக பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை மூன்றிலிருந்தும் வெளியே அனுப்பி வரிசைப்படுத்தினோம். பா-2 லைமோசிலாக்டோபேசிலஸ் ஃபெர்மென்டம். பழைய புத்தகங்களில் லாக்டோபேசிலஸ் ஃபெர்மென்டம் என்று இருக்கும். 2020-ல் அந்தப் பெரிய பேரினத்தை 25 ஆகப் பிரித்தபோது பெயர் மாறியது. தே-7 லியூகோநாஸ்டாக்தான். பெ-4 பிளான்டாரம் கூட்டம். அதில் பிளான்டாரமையும் பென்டோசஸையும் 16எஸ் வரிசையால் பிரிக்க முடியாது, ரெக்-ஏ மரபணுவைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு இடத்தில் மாணவர்கள் பதறினார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து ஏற்றிய வட்டைச் சுற்றி மூன்றுமே தடையில்லாமல் வளர்ந்திருந்தன. அந்த மருந்து ஒட்டிக்கொள்வது செல்சுவரில் இரண்டு அலனைன் சேர்ந்து முடியும் நுனியில். இந்த இனங்களின் செல்சுவர் இயல்பிலேயே அலனைனும் லாக்டேட்டுமாக முடிகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. பிறவிக் குணம், பிற பாக்டீரியாவுக்குத் தாவும் எதிர்ப்பு அல்ல. இரத்த அகாரில் மூன்றும் இரத்த அணுக்களைக் கரைக்கவில்லை.

சுவையும் குளிரும்

இந்தச் சோதனைகள் முடிந்த பிறகே கல்ச்சரை, அதாவது தனியே பிரித்து வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டு கூழ் செய்து சுவைத்தோம். எம்.ஆர்.எஸ்.-ல் வளர்த்ததை உணவில் கலக்கவில்லை. அதில் இறைச்சிச் சாறு இருக்கிறது, ஆடிக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களிடம் அதை மறைப்பது நியாயமும் இல்லை. நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சியையே கிருமிநீக்கி அதில் வளர்த்துக்கொண்டோம். மூன்றும் அதில் நன்றாகவே வந்தன.

பெ-4 மட்டும் போட்ட கூழ் வேகமாகவும் ஆழமாகவும் புளித்தது, ஆனால் குழுப் பெண்கள் ஒரு மடக்கிலேயே ஒதுக்கிவிட்டார்கள். “புளி இருக்கு, மணம் இல்ல” என்றார் ஒருவர். சரியான கணிப்பு. வாயு விடாத வகை சர்க்கரையை ஏறக்குறைய முழுக்க லாக்டிக் அமிலமாகவே மாற்றுகிறது. பா-2 போன்றவை லாக்டிக் அமிலத்தோடு கொஞ்சம் ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் தருகின்றன. கூழின் வாசமும் நாக்கில் படும் மெல்லிய சுறுசுறுப்பும் அதிலிருந்து வருபவை. அதே வாயுதான் கூழைப் பாக்கெட்டில் அடைத்து விற்க விடாமல் செய்கிறது. அடைத்தால் உப்பி வெடிக்கும். பெ-4, பா-2 இரண்டையும் சேர்த்துப் போட்ட கூழுக்கு எல்லோரும் இன்னொரு சொம்பு கேட்டார்கள்.

குளிரில் கதை வேறு. 20 டிகிரியில் வைத்தபோது பா-2 சோம்பிவிட்டது. அது 37 டிகிரிப் பக்கம் சுறுசுறுப்பாக இருக்கும் வகை. தே-7 அதே 20 டிகிரியில் முதலில் கிளம்பி, காலைக்குள் கூழை 4.3-க்குக் கீழே கொண்டுபோய்விட்டது. தேன்கனிக்கோட்டைப் பானையில் அதுவும், பாலக்கோட்டில் பா-2-வும் மேலோங்கி இருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஒரே ஒரு கல்ச்சரைத் தயாரித்து எல்லா ஊருக்கும் கொடுக்கலாம் என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போகாததும் இதனால்தான். அந்தந்த ஊரின் கூழில் அந்தந்த ஊருக்கு ஏற்றது ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழு விற்கும் கூழில் எங்கள் கல்ச்சர் எதுவும் சேர்வதில்லை. பிரித்தெடுத்த நுண்ணுயிரைக் கலந்து விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதிக் கேள்விகள் வரும், அது தனி வேலை. அவர்கள் செய்வது இவ்வளவுதான்: கரைப்பதற்கு முன், உப்பும் மோரும் சேராத கூழில் ஒரு பங்கைச் சின்ன மண்சட்டியில் எடுத்து வைக்கிறார்கள். அதுதான் இன்றைய கூழுக்கு உறை, 10 கிலோவுக்கு அரைக் கிலோ வீதம். சட்டிக்கு நார் மட்டும், சோப்பு கிடையாது. அண்டாவுக்கு சோப்பு போடலாம், நன்றாக அலசினால் போதும். சில நாள் கடை இல்லையென்றால் உறை ஃப்ரிட்ஜில் இருக்கும். காலையில் பி.எச். தாள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 4 அல்லது அதற்குக் கீழே காட்டினால் கரைக்கிறார்கள். காட்டாத அண்டாவைக் கரைப்பதில்லை, கழனித் தொட்டியிலும் ஊற்றுவதில்லை, குழி தோண்டிக் கொட்டிவிடுகிறார்கள்.

மூன்று கல்ச்சர்களும் 20 சதவீத கிளிசராலில் உறைநிலையில் இருக்கின்றன. அடுத்து மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கமே போய், ராத்திரி வெளியே வைத்த பானைகளில் தே-7-உம் பா-2-வும் கலந்தால் எது முந்துகிறது, எப்போது இடம் மாறுகிறது என்று மணிக்கொரு தரம் அளக்கப்போகிறோம்.